எலாஸ்டிக் போச்சு!

காலை எட்டு மணி. தெருமுனையில் பள்ளி வேன் ஹாரன் அடிக்கிறது. ஒரு கையில் புத்தகப் பை, இன்னொரு கையில் இடுப்பில் நிற்காமல் நழுவும் கால்சட்டை. "அம்மா, எலாஸ்டிக் போச்சு!" என்று ஓர் அலறல். "வாடா இங்க, இன்னிக்கு ஒரு நாள் ஊக்கு குத்தி விடறேன். சாயங்காலம் வேற கோத்துத் தர்றேன்" என்கிறார் அம்மா. பிள்ளைகள் உள்ள எந்த வீட்டில் இது நடக்கவில்லை?

சாயங்காலம் அம்மா அந்தப் பழைய எலாஸ்டிக்கை உருவிப் போடும்போது, குப்பைக்குப் போகவிடாமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையையும் பிடித்து இழுங்கள். இழுபடுகிறது! புது எலாஸ்டிக்கைவிட லேசாகவே இழுபடுகிறது. அப்படியானால் "போச்சு" என்றோமே, எது போனது?

இப்போது ஒரு முனையை விடுங்கள். புதியதாக இருந்தால் சட்டென்று சுருங்கி விரலில் அடிக்கும். பழையது மெதுவாகச் சுருங்கி, பாதி வழியில் நின்று, தொளதொளவென்று தொங்குகிறது. நீளும் குணம் அதில் இன்னும் இருக்கிறது. பழைய அளவுக்குத் திரும்பி வரும் குணம்தான் போய்விட்டது.

எலாஸ்டிக் என்ற சொல்லின் உயிர் அந்தத் திரும்பி வருதலில்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் அது முதலில் ஒரு நாடாவின் பெயராக இருக்கவில்லை. 'சிவந்த பழம்', 'குளிர்ந்த நீர்' என்கிறோமே, அதில் வரும் 'சிவந்த', 'குளிர்ந்த' போல ஒரு பெயரடை அது. ஒரு பொருளின் குணத்தைச் சொல்லும் சொல். ரப்பர் நூலைச் சேர்த்து நெய்த நாடாவுக்கே அது பெயரானது 1840-களில். நாம் அந்த நாடாவின் பெயரை மட்டும் வாங்கிக்கொண்டோம். அதனால் எலாஸ்டிக் என்றால் 'இழுத்தால் நீள்வது' என்று நம்மில் பலருக்குப் பதிந்துவிட்டது.

சரி, அறிவியல் நூல்களில் இந்தப் பெயரடை முதன்முதலாக எதற்குச் சூட்டப்பட்டது தெரியுமா? ரப்பருக்கா? ஸ்பிரிங்குக்கா? இரண்டும் இல்லை. காற்றுக்கு!

நம்பிக்கை வரவில்லையென்றால் சைக்கிள் பம்பை எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியை மேலே இழுத்துவிட்டு, காற்று வெளியேறும் முனையைக் கட்டைவிரலால் நன்றாக அடைத்துக்கொண்டு கைப்பிடியைக் கீழே அழுத்துங்கள். கொஞ்ச தூரம் போகும், பிறகு எதிர்க்கும். அழுத்துவதை நிறுத்தினால் கைப்பிடி தானாக மேலே எழும்பி வரும். உள்ளே இருப்பது வெறும் காற்று. ஆனால் யாரோ உள்ளே உட்கார்ந்து தள்ளுவதுபோல இருக்கும்.

1650-களில் ஐரோப்பிய அறிஞர்கள் காற்றின் இந்தக் குணத்தைக் கண்டுதான் வியந்தார்கள். 'தள்ளு, செலுத்து' என்று பொருள்படும் ஒரு பழைய கிரேக்க வினையிலிருந்து எலாஸ்டிக் என்ற சொல்லை உருவாக்கி, அழுத்தினால் சுருங்கி விட்டால் மீளும் காற்றுக்கு அடைமொழியாக வைத்தார்கள். இங்கிலாந்தின் ராபர்ட் பாயில் 1660-இல் ஒரு புத்தகமே வெளியிட்டார். அதன் தலைப்பிலேயே காற்றின் ஸ்பிரிங் குணம் பற்றிய பேச்சு வருகிறது. செம்மறி ஆட்டின் ரோமத்தை அள்ளிக் கையில் வைத்து அமுக்கிவிட்டு விட்டால் மறுபடி உப்புகிறதே, காற்றும் அப்படித்தான் என்று அவர் விளக்கினார். நம் வீட்டு இலவம்பஞ்சுத் தலையணையை நினைத்துக்கொண்டால் நமக்கு இன்னும் எளிதாகப் புரியும். அப்போது ரப்பர் எங்கே இருந்தது? அமெரிக்கக் கண்டத்தின் காடுகளில். அந்த மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மரப்பாலில் பந்து செய்து விளையாடி வந்தார்கள். ஐரோப்பிய அறிஞர்கள் அதைக் கவனித்து ஆராயத் தொடங்கவே பாயிலுக்குப் பிறகு எழுபது, எண்பது ஆண்டுகள் ஆயின.

பாயிலின் சோதனைகளுக்கான காற்றுப் பம்பைச் செய்து கொடுத்தவர் ஓர் இளைஞர். பெயர் ராபர்ட் ஹூக். மேல் வகுப்பில் 'ஹூக் விதி' என்று படிக்கப்போகிறீர்களே, அவரேதான். கம்பிச் சுருளில் எடையைத் தொங்கவிட்டால் சுருள் நீள்கிறது. எடை இரண்டு மடங்கானால் நீட்சியும் இரண்டு மடங்கு; மூன்று மடங்கானால் மூன்று மடங்கு. மரமோ, உலோகமோ, அளவோடு வளைத்தால் எல்லாமே இப்படி நடப்பதை ஹூக் கண்டார். வேறு யாராவது முந்திக்கொள்வார்களோ என்ற கவலையும் அவருக்கு இருந்தது. அதனால் 1676-இல், தன் விதியைச் சொல்லும் லத்தீன் வாக்கியத்தின் 14 எழுத்துகளையும் கலைத்து அகர வரிசையில் அடுக்கி, ஒரு புதிராக அச்சிட்டு வைத்தார்! இரண்டு ஆண்டு கழித்து, 1678-இல் விடையை வெளியிட்டார். அந்த நூலுக்கு அவர் வைத்த லத்தீன் தலைப்பின் பொருள் என்ன தெரியுமா? 'மீட்டுத் தரும் ஆற்றல்.'

இந்த இடத்தில் எனக்குத் தமிழ்ப் பாடநூல் எழுதியவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. எலாஸ்டிக் குணத்துக்கு நம் இயற்பியல் புத்தகத்தில் 'மீட்சிப் பண்பு' என்று பெயர். மீள், மீட்சி. நீட்சியை விட்டுவிட்டுத் திரும்பி வருதலைச் சரியாகப் பிடித்த சொல். ஹூக் லத்தீனில் வைத்த தலைப்பும் இதுவும் அப்படியே பொருந்துகின்றன. ஆங்கிலச் சொல்லைப் பார்த்தால் இந்தப் பொருள் வெளியே தெரியாது. தமிழ்ச் சொல்லில் பளிச்சென்று தெரிகிறது.

வளைந்து கொடுக்கும் பொருள்களைச் சொல்ல நம்மிடம் சொற்களுக்கா பஞ்சம்? மூங்கில் வளையும். வாழைத்தண்டு வெயிலில் துவளும். மெழுகு சூட்டில் நெகிழும். பிசைந்த மாவு குழையும். வில் வளையும், விட்டால் மீளும். ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் வேறு வேறு நடத்தை இருக்கிறது. ஆங்கிலத்திலும் அப்படித்தான். 'ஃபிளெக்ஸிபிள்' என்றால் உடையாமல் வளையக்கூடியது, அவ்வளவுதான். கயிறு ஃபிளெக்ஸிபிள், எப்படி வேண்டுமானாலும் வளையும், ஆனால் பழைய வடிவத்துக்குத் தானே திரும்ப அதற்கு எந்த அவசரமும் இல்லை. வாள் செய்யும் எஃகுத் தகடோ ஃபிளெக்ஸிபிளும்கூட, எலாஸ்டிக்கும்கூட.

எலாஸ்டிக்குக்கு நேர் எதிரான பெயரடை எது? சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். 'பிளாஸ்டிக்'! அதுவும் முதலில் பெயரடைதான். 'வடிவமைக்கத் தக்க' என்று பொருள். அழுத்தினால் புது வடிவம் எடுத்து, அந்த வடிவத்திலேயே நின்றுவிடும் பொருள் எதுவோ அது பிளாஸ்டிக். குயவர் சக்கரத்தில் இருக்கும் களிமண் பிளாஸ்டிக். பாட்டி பிடிக்கும் கொழுக்கட்டை மாவு பிளாஸ்டிக். மாவு எலாஸ்டிக்காக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் யோசியுங்கள்: பாட்டி பிடிக்கப் பிடிக்கக் கொழுக்கட்டை மறுபடி உருண்டையாகிவிடும்! அதே நேரம், உங்கள் ஜியாமெட்ரி பெட்டியில் இருக்கும் பிளாஸ்டிக் அளவுகோலை லேசாக வளைத்து விடுங்கள். நேராகிவிடுகிறது. பிளாஸ்டிக்கால் ஆன அளவுகோல் அந்த நேரத்தில் எலாஸ்டிக்காக நடந்துகொள்கிறது.

ஒரே பொருள் இரண்டாகவும் இருக்கலாம். அக்காவின் தலையில் குத்தும் ஹேர்பின்னைக் கொஞ்சம் விரித்து விட்டால் மூடிக்கொள்ளும். ரொம்ப விரித்துவிட்டால் விரிந்தபடியே நின்றுவிடும். அக்காவிடம் திட்டும் கிடைக்கும். எந்த அளவுவரை விரித்தால் மீளுமோ, அதற்கு 'மீட்சி எல்லை' என்று பெயர். அதைத் தாண்டினால் எஃகும் களிமண் மாதிரிதான்.

இனி ஒரு கேள்வி. ரப்பரா, எஃகா, எது அதிக எலாஸ்டிக்? வகுப்பில் கேட்டால் எல்லாக் கைகளும் ரப்பருக்கு உயரும். பெரிய வகுப்புப் புத்தகமோ எஃகுதான் என்று சொல்லும். காரணம் இது: ஒரே தடிமனும் நீளமும் உள்ள எஃகுக் கம்பியையும் ரப்பர்க் கயிற்றையும் ஒரே அளவு நீட்ட வேண்டுமென்றால், எஃகுக்குப் பல்லாயிரம் மடங்கு விசை தேவை. அதாவது, எஃகு அத்தனை மடங்கு வலுவாகத் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பத் துடிக்கிறது. இதை அளக்கும் எண்ணுக்கு யங் குணகம் என்று பெயர். எஃகுக்கு அது சுமார் 20,000 கோடி பாஸ்கல். 1807-இல் தாமஸ் யங் தன் உரைநூலில் இதுபற்றி எழுதியதால் அவர் பெயர் நிலைத்தது.

ஆனால் ரப்பருக்குக் கை தூக்கிய உங்களைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எஃகுக் கம்பி நூற்றில் ஒரு பங்குகூட நீளுமுன் தன் எல்லையைத் தொட்டுவிடும். ரப்பர் பேண்டு தன்னைப்போல் ஐந்து மடங்கு நீண்டுவிட்டும் வீடு திரும்பும். எவ்வளவு பிடிவாதமாகத் திரும்புகிறது என்பது ஒரு கேள்வி. எவ்வளவு தூரம் போய்விட்டுத் திரும்புகிறது என்பது வேறு கேள்வி. எலாஸ்டிக் என்ற ஒரே சொல் இரண்டுக்கும் பயன்படுவதால் வந்த குழப்பம் இது. என்னைக் கேட்டால், இரண்டையும் பிரித்துக் கேட்கிற பிள்ளைக்குத்தான் முழு மதிப்பெண்.

அத்தனை தூரம் போய்விட்டு ரப்பர் எப்படித் திரும்புகிறது? கன்னியாகுமரி மாவட்டத்தில் விடியுமுன்பே பால் வெட்டப் போவார்கள். ரப்பர் மரப் பட்டையில் சாய்வாகக் கீறினால் வெள்ளைப் பால் சொட்டுச் சொட்டாகச் சிரட்டையில் வடியும். அமிலம் கலந்து உறையவைத்து, உருளையில் பிழிந்து ஷீட்டாக்கி, துணி காயப்போடுவதுபோலக் கொடியில் தொங்கவிடுவார்கள். அந்த ஷீட்டுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத நீள நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள், இடியாப்பச் சிக்கல்போலப் பின்னிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் ஓயாமல் நெளிந்துகொண்டே இருக்கிறது.

பள்ளி மைதானத்தில் முப்பது பேர் கைகோத்து வரிசையாக நிற்பதாக வைத்துக்கொள்வோம். எல்லோரும் இஷ்டத்துக்குக் குதித்து ஆடுகிறார்கள். வரிசை நேராக நிற்குமா? கோணல் மாணலாகி, இரண்டு முனைகளும் கிட்டக் கிட்ட வந்துவிடும். நேராக நிறுத்த வேண்டுமென்றால் இரு முனையிலும் இரண்டு ஆசிரியர்கள் பிடித்து இழுக்க வேண்டும். கையை விட்ட மறு நொடி வரிசை சுருங்கிவிடும். ரப்பர் சுருங்குவதும் அப்படித்தான். சங்கிலிகளின் ஓயாத ஆட்டமே முனைகளை உள்ளே இழுக்கிறது. ஆட்டம் கூடினால்? இழுப்பும் கூடும். சூடு என்பதே மூலக்கூறுகளின் ஆட்டம்தானே! எடை தொங்கும் கம்பியைச் சூடாக்கினால் கம்பி நீளும். ஆனால் எடை தொங்கும் ரப்பரைச் சூடாக்கினால் ரப்பர் சுருங்கி எடையை மேலே தூக்கும்.

இந்த விந்தையை முதலில் கண்டு சொன்னவர் இங்கிலாந்தின் கெண்டல் ஊரைச் சேர்ந்த ஜான் கஃப். சின்னஞ்சிறு வயதில் பெரியம்மை வந்து பார்வையை இழந்தவர். கண் இல்லாதவர் என்ன சோதனை செய்வார் என்று நினைக்காதீர்கள். இதன் மறுபக்கத்தையும் அவர் கண்டார். ரப்பர்த் துண்டை உதட்டில் லேசாக வைத்துக்கொண்டு சட்டென்று இழுத்தார். சூடு தெரிந்தது. விட்டார்; குளிர்ந்தது. உதடே அவருக்கு வெப்பமானி! 1805-இல் அவர் ஆராய்ச்சி அச்சாகி வந்தது. அரை நூற்றாண்டு கழித்து இயற்பியலாளர் ஜேம்ஸ் ஜூல் துல்லியமாக அளந்து பார்த்து, கஃப் சொன்னது சரிதான் என்று உறுதி செய்தார்.

நீங்களும் செய்யலாம். அகலமான, சுத்தமான ரப்பர் பேண்டு ஒன்று போதும். மேலுதட்டில் தொட்டு வைத்து வேகமாக இழுங்கள், வெதுவெதுப்பு தெரியும். இழுத்தபடியே அரை நிமிடம் வைத்திருந்து, பிறகு மெல்ல விட்டுச் சுருங்கியதும் உதட்டில் வையுங்கள், சில்லென்று இருக்கும். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. முனையைப் பட்டென்று விடக் கூடாது.

இப்படிப் பல வரிசைகள் பக்கத்தில் பக்கத்தில் ஆடும்போது ஒன்றைவிட்டு ஒன்று நழுவி விலகிவிடலாம் அல்லவா? பச்சை ரப்பரில் அந்தத் தொல்லை உண்டு. வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839-இல் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர், கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இது தீரும் என்று கண்டார். கந்தகம் சங்கிலிகளுக்கு நடுவே அங்கங்கே முடிச்சுப் போட்டுப் பிணைத்துவிடுகிறது. எவ்வளவு இழுத்தாலும் ஒன்றைவிட்டு ஒன்று வழுக்கி ஓடாது. 1845-இல் லண்டனில் ஸ்டீபன் பெரி ரப்பர் பேண்டுக்குக் காப்புரிமை பெற்றார். உங்கள் கால்சட்டை எலாஸ்டிக் போனதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. வெயில், இஸ்திரிப் பெட்டிச் சூடு, காற்றின் ஆக்சிஜன் எல்லாம் சேர்ந்து நாளடைவில் சங்கிலிகளையும் முடிச்சுகளையும் அறுத்துவிடுகின்றன.

எலாஸ்டிக் நழுவினால் ஊக்கு குத்திக்கொள்ளலாம். ஆனால் ஓர் இடத்தில் அந்தக் குணம் தவறியதால் 7 உயிர்கள் போயின. 1986 ஜனவரி 28. அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் புறப்பட்ட 73-ஆவது நொடியில் வானத்தில் சிதறியது. அதன் பக்கவாட்டு ராக்கெட்டுகள் பல துண்டுகளை இணைத்துச் செய்தவை. இணைப்புகளில் சூடான வாயு கசியாமல் இருக்க ரப்பர் வளையங்கள் வைத்திருந்தார்கள். ராக்கெட் பற்றியதும் இணைப்பு நொடியில் சிறு பங்கு நேரத்துக்குள் லேசாக விரியும். அமுங்கிக் கிடக்கும் வளையம் அதே வேகத்தில் உப்பி இடைவெளியை அடைக்க வேண்டும். அன்று காலை உறைபனிக் குளிர். விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன், தொலைக்காட்சிக் கேமராக்களுக்கு முன்னால், அந்த ரப்பரில் ஒரு துண்டைக் கிடுக்கியில் அமுக்கி ஐஸ் தண்ணீர் டம்ளரில் போட்டார். எடுத்துக் கிடுக்கியைத் தளர்த்தினார். ரப்பர் சில நொடிகள் அமுங்கியபடியே கிடந்தது. குளிரில் சங்கிலிகளின் ஆட்டம் மந்தமாகிவிட்டது. திரும்பி வந்தால் மட்டும் போதாது, நேரத்துக்குத் திரும்பி வர வேண்டும் என்பதை அவர் ஒரு டம்ளர் தண்ணீரால் உலகுக்குக் காட்டினார்.

அறிவியலை விட்டு வெளியே போனாலும் இந்தப் பெயரடை சும்மா இருப்பதில்லை. தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளக்கூடிய விதியை, திட்டத்தை எலாஸ்டிக் என்பார்கள். ஐஸ்கிரீம் விலை ஏறினால் வாங்குவோர் குறைவார்கள். உப்பு விலை ஏறினாலும் வாங்கித்தான் ஆக வேண்டும். ஐஸ்கிரீமின் தேவை எலாஸ்டிக், உப்பின் தேவை அப்படி இல்லை என்பார்கள் பொருளியலார். தமிழில் அவர்கள் வைத்த பெயர் 'தேவை நெகிழ்ச்சி'. கவனித்தீர்களா? ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு இயற்பியலில் மீட்சி, பொருளியலில் நெகிழ்ச்சி. சந்தையில் குறைந்த விற்பனை, விட்டவுடன் தானாகத் துள்ளித் திரும்புவதில்லையே. அங்கே மீட்சி என்று போட்டிருந்தால்தான் பிழை.

மரத்தின் பெயரிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது இந்தச் சொல். மேகாலயாவில் காசி என்ற பழங்குடி மக்கள் ஓடைகளின் மேல் மரத்தின் வேர்களைப் பின்னிப் பின்னி உயிருள்ள பாலங்களாக வளர்க்கிறார்கள். அந்த மரத்தின் தாவரவியல் பெயர் ஃபைகஸ் எலாஸ்டிகா. கீறினால் அதிலும் ரப்பர்ப் பால் வரும். அதனால் வந்த பெயர்.

கடைசியாக, உங்கள் புறங்கைத் தோலைக் கிள்ளித் தூக்கி விடுங்கள். உடனே சமமாகிவிடும். பாட்டியிடம் கேட்டுவிட்டு, அவர் புறங்கையிலும் வலிக்காமல் செய்து பாருங்கள். மடிப்பு சற்று நேரம் நின்று மெல்ல மறையும். தோலுக்குள் இருக்கும் எலாஸ்டின் என்ற புரதத்தின் வேலை இது. பெயரிலேயே நம் பெயரடை இருக்கிறது. இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் சுவரிலும் அது நிறைய உண்டு. இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் அந்தக் குழாய் விரிந்து, மீண்டு, ரத்தத்தை முன்னே தள்ளுகிறது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முறை. இந்த எலாஸ்டினை நம் உடல் பெரும்பாலும் பிறப்பதற்கு முன்பும் சிறு வயதிலும்தான் செய்து வைக்கிறது. இன்று உங்கள் பெருந்தமனியில் இருப்பதில் பெரும்பகுதி, நீங்கள் தாத்தா பாட்டி ஆகும்போதும் அதே இடத்தில் விரிந்து மீண்டுகொண்டிருக்கும்.